ஓடுவது ஊரார் வண்டி, நிற்பது நம் வண்டி

1972இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் வந்தது. ஆம்ஸ்டர்டாம் நகரின் டெ பெய்ப் பகுதியில் எடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நெருக்கி நெருக்கிக் கட்டிய தெருக்கள். வீட்டுக்கு முன்னால் திண்ணையோ தோட்டமோ கிடையாது, கதவைத் திறந்தால் தெருதான். அந்த வீடுகளுக்குக் கல் நட்டபோது கார் என்ற வஸ்துவே அங்கே இல்லை. எழுபதுகளிலோ தெருவின் இரண்டு ஓரமும் கார்கள் நின்றன, நடுவில் மிஞ்சிய இடத்தில் கார்கள் ஓடின. விளையாட இடமில்லாத பள்ளிப் பிள்ளைகள் வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு பெரியவர்கள் துணையோடு ஒரு தெருவையே மறித்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். கோபத்தோடு இறங்கிவந்த கார்க்காரர் ஒருவர் தடுப்பை இழுத்துப் போட, தள்ளுமுள்ளு நடந்தது. அதுவும் படத்தில் இருக்கிறது.

அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. 1971ஆம் ஆண்டில் மட்டும் நெதர்லாந்துச் சாலைகளில் ஏறக்குறைய 3,300 பேர் செத்தார்கள். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். நாட்டின் மொத்த மக்கள்தொகையே அப்போது ஒன்றேகால் கோடியைச் சற்றுத் தாண்டியதுதான். அந்த ஆண்டு தன் மகளை விபத்தில் பறிகொடுத்த விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர், தாம் வேலைபார்த்த நாளிதழில் 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்று தலைப்பிட்டு எழுதினார். அதுவே ஓர் இயக்கத்தின் பெயராகிவிட்டது. விபத்து என்று சொல்லி வந்ததைக் கொலை என்று சொன்னது பலருக்கு உறுத்தியது. உறுத்த வேண்டும் என்றுதான் சொன்னார்கள். இயக்கத்தின் முதல் தலைவி மார்ட்யெ வான் புட்டன் அப்போது ஓர் இளம் தாய். பிற்காலத்தில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போனார். இவர்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள், தெருக்களை மறித்தார்கள், பிரதமர் யோப் டென் அய்ல் வீட்டு வாசலில் நின்று பாட்டுப் பாடினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே அரசு தடை போட்டபோது, காரில்லாத தெரு எப்படியிருக்கும் என்பதை நாடே இலவசமாகப் பார்த்தது.

குடியிருப்புத் தெருவில் வேகத்தைக் குறையுங்கள் என்று கேட்பவர்களை ஊர் எப்போதும் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்க்கும். வேலைவெட்டியில்லாத ஓய்வூதியர்கள், எதற்கெடுத்தாலும் மனு எழுதுகிறவர்கள் என்று பெயர் வாங்குவது எல்லா நாட்டிலும் நடந்திருக்கிறது. ஆனால் அவர்கள் கேட்பது சாதாரண இயற்பியல். திடீரென ஒரு குழந்தை குறுக்கே வந்தால், ஓட்டுநரின் மூளை அதை உணர்ந்து கால் பிரேக்குக்குப் போக ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும் கார் அந்த ஒரு விநாடியில் எட்டேகால் மீட்டர் ஓடியிருக்கும். பிரேக் பிடித்தபின் காய்ந்த சாலையில் இன்னும் ஐந்து மீட்டர். ஆக ஏறக்குறைய பதின்மூன்று மீட்டரில் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் அதே ஒரு விநாடியில் கிட்டத்தட்ட பதினான்கு மீட்டர் ஓடிவிடுகிறது. அதாவது முதல் கார் முழுசாக நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது காரின் பிரேக்கில் இன்னும் கால்கூடப் படவில்லை. குழந்தை மீது அது மோதுவது முழு ஐம்பதில். வேகம் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம். இடியின் ஆற்றலோ ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு.

முப்பது என்ற எண்ணை ஐரோப்பிய நகரங்கள் ஒன்றையொன்று பார்த்துப் பிடித்துக்கொண்டது இதனால்தான். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் 1992இலேயே பெருஞ்சாலைகள் நீங்கலாக ஊர் முழுவதற்கும் 30 என்று வைத்தது. ஸ்பெயின் 2021 மே மாதத்தில், திசைக்கு ஒரே தடம் உள்ள நகரத் தெருக்கள் அனைத்துக்கும் 30 என்று தேசிய விதியே போட்டது. ஆம்ஸ்டர்டாம் தன் தெருக்களில் 80 சதவீதத்துக்கு 2023 டிசம்பரில் அதைக் கொண்டுவந்தது. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் பாதிக்கும் மேற்பட்ட தெருக்களில் இப்போது 30தான். 2019இல் அங்கே நடந்துபோனவர் ஒருவர்கூடச் சாலையில் சாகவில்லை. 2025 ஜூலையில், தொடர்ந்து பன்னிரண்டு மாதம் சாலை மரணமே இல்லை என்று அந்த நகரம் அறிவித்தது.

உயிர் மட்டுமல்ல கணக்கு. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்புப் பேராசிரியர் 1960களின் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். பார்வைக்கு மூன்றும் ஒரே மாதிரி. ஒன்றில் நாளைக்கு 2,000 வண்டிகள், இன்னொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. குடியிருந்தவர்களிடம் போய், இந்தத் தெருவில் உங்களுக்கு எத்தனை நண்பர்கள் என்று கேட்டார். வண்டி குறைந்த தெருவில் ஆளுக்குச் சராசரி மூன்று நண்பர்கள், ஆறு அறிமுகக்காரர்கள். வண்டி மிகுந்த தெருவில் நண்பர் ஒருவருக்கும் குறைவு, அறிமுகம் மூன்று. உங்கள் வீடு எதுவரை என்று வரையச் சொன்னபோது, அமைதியான தெருக்காரர்கள் தெருவையே சேர்த்து வட்டம் போட்டார்கள். இரைச்சல் தெருக்காரர்கள் தங்கள் கட்டடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். 1981இல் இதை விரிவான நூலாக வெளியிட்ட ஆப்பிள்யார்ட், அடுத்த ஆண்டே ஏதென்ஸ் நகரில் வேகமாக வந்த கார் மோதி இறந்துபோனார்.

பலகை வைத்தால் வண்டி மெதுவாகுமா? குடியிருப்போர் சங்கங்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் பலகைதான், அது மலிவு என்பதால். பிரிட்டனில் இது நன்றாகவே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. அங்கே மணிக்கு 20 மைல், அதாவது நம் கணக்கில் 32 கி.மீ., என்ற மண்டலங்கள் 1991இல் ஷெஃபீல்டு, நாரிச், தேம்ஸ் கரையிலுள்ள கிங்ஸ்டன் ஆகிய ஊர்களில் தொடங்கின. அவை மேடும் வளைவுமாகத் தெருவையே மாற்றியமைத்தவை; செலவு அதிகம். வாரிங்டன் ஊரைச் சேர்ந்த ராட் கிங், சைக்கிள் பழக்கத்தைப் பார்க்க ஜெர்மனியின் ஹில்டன் நகருக்குப் போனவர். அங்கே சைக்கிள் பெருகியதற்கு அடித்தளம் மெதுவான தெருக்கள்தான் என்று கண்டுகொண்டு திரும்பி, 'நமக்கு இருபதே தாராளம்' என்ற பொருள்படும் பெயரில் 2007இல் ஓர் இயக்கம் தொடங்கினார். தெருத்தெருவாக மேடு போட வேண்டாம், ஊர் முழுவதற்கும் சேர்த்து வேக வரம்பைக் குறைத்தால் போதும் என்பது அவர் வாதம்.

போர்ட்ஸ்மவுத் நகரம் 2008 வாக்கில் ஏறக்குறைய எல்லாக் குடியிருப்புத் தெருக்களிலும் வெறும் பலகை மட்டும் வைத்து இதைச் செய்து பார்த்தது. சராசரி வேகம் குறைந்தது இரண்டே கி.மீ. கேலி செய்யத் தோன்றும். ஆனால் அந்தத் தெருக்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே வண்டிகள் நின்று குறுகிப்போய், மெதுவாகவே ஓடிக்கொண்டிருந்தவை. முன்பு வேகமாக ஓடிய தெருக்களை மட்டும் தனியாகப் பார்த்தால், அங்கே குறைவு பத்து கி.மீ. வேகமிருந்த இடத்தில் பலகை பலித்திருக்கிறது; இல்லாத இடத்தில் குறைக்க எதுவுமில்லை.

இதையே ஒரு நாடு முழுவதற்கும் செய்தது வேல்ஸ். 2023 செப்டம்பர் 17 முதல் வீடுகள் நிறைந்த சாலைகளில் 30 மைல் இருந்த இடத்தில் 20 மைல். எதிர்ப்பு பொங்கிவிட்டது. சுமார் முப்பத்தொரு லட்சம் பேர் வாழும் நாட்டில் விதியைத் திரும்பப் பெறச் சொன்ன மனுவில் ஏறக்குறைய 4.7 லட்சம் கையெழுத்துகள். அந்நாட்டுப் பேரவையின் வரலாற்றில் அத்தனை கையெழுத்து எந்த மனுவுக்கும் விழுந்ததில்லை. பொறுப்பான அமைச்சர் மாறினார், சில சாலைகளைப் பழைய வேகத்துக்குத் திருப்ப ஊராட்சிகளுக்கு அனுமதி கிடைத்தது. இதற்கிடையே, கண்காணித்த சாலைகளில் சராசரி வேகம் ஆறு கி.மீ. போலக் குறைந்திருந்தது. அந்த வகைச் சாலைகளில் காயமடைந்தவர்கள், இறந்தவர்களின் எண்ணிக்கை சுமார் நான்கில் ஒரு பங்கு இறங்கியிருந்தது. கையெழுத்துப் போட்டவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர்களில் பலருக்கு வேலைக்குப் போகும் வழி முழுவதும் இருபதாகியிருந்தது. தங்கள் வீட்டு வாசலில் இருபது, மற்றவர் வாசலில் முப்பது என்று ஒரு வாய்ப்பு இருந்திருந்தால் எல்லோரும் அதற்கு வாக்களித்திருப்பார்கள்.

பலகைக்கு அடுத்தது மேடு. வேகத்தடையின் வரலாற்றில் ஒரு நோபல் பரிசுக்காரரும் வருகிறார். 1927இல் இயற்பியலுக்குப் பரிசு வாங்கிய ஆர்தர் ஹாலி காம்ப்டன், அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸில் ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தபோது, வளாகத்துக்குள் பறக்கும் கார்களை அடக்க 1953இல் மேடுகளை வடிவமைத்தார். பின்னர் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடம் எழுபதுகளில் அதைச் சோதித்து ஓர் அளவுக்குக் கொண்டுவந்தது: பத்து சென்டிமீட்டர் உயரம், வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், மேலே மென்மையான வளைவு. இந்தியச் சாலைக் காங்கிரசின் வழிகாட்டியிலும் இதே அளவுதான் இருக்கிறது. 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்கினால் முதுகுக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் போனால்தான் உலுக்கும். நம் தெருக்களில் போடுவது பெரும்பாலும் இதுவல்ல. தார் போட வந்த லாரியில் மிச்சமிருந்ததை ஓரடி அகலத்துக்குக் குவித்து வைத்துவிட்டுப் போவார்கள். ஐந்து கி.மீ. வேகத்தில் போகிற கர்ப்பிணிக்கும் அது அடி, வெள்ளைக்கோடும் இல்லாததால் இரவில் வருகிற இருசக்கரக்காரருக்கோ ஆபத்து. மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கைகளில் வேகத்தடையால் நேர்ந்த விபத்துகள் தனித் தலைப்பில் வந்ததுகூட உண்டு. எனவே வேகத்தடை போடுங்கள் என்று மனு எழுதும் சங்கம், அளவையும் சேர்த்து எழுதுவது நல்லது.

மூன்றாவது வழிதான் அதிகம் சண்டை மூட்டுவது: குறுக்கு வழியை அடைப்பது. பெருஞ்சாலையில் சிக்னலுக்குப் பயந்து உள்தெருவில் புகுந்து வெளியேறும் வண்டிகள் எல்லா ஊரிலும் உண்டு. முன்பு அந்த வழி உள்ளூர் ஆட்டோக்காரருக்கு மட்டும் தெரியும், இப்போது கைப்பேசி வரைபடமே எல்லோரையும் கைபிடித்து உள்ளே கூட்டிவருகிறது. தெருவின் ஒரு முனையில் கம்பமோ பூந்தொட்டியோ வைத்துவிட்டால் நடப்பவரும் சைக்கிளும் போகலாம். தெருக்காரர் கார் மறுமுனையால் வரலாம். குறுக்கே பாயத்தான் வழியில்லை. லண்டனின் வால்தம் ஃபாரஸ்ட் பகுதியில் இப்படிச் செய்தபோது, 2015இல் திறப்பு விழாவுக்கே எதிர்ப்பாளர்கள் சவப்பெட்டி தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடைவீதி செத்துவிடும் என்பது அவர்கள் பயம். அந்த வீதி சாகவில்லை. தெருக்களுக்குள் ஓடிய வண்டி எண்ணிக்கைதான் பெருமளவு குறைந்தது. ஆனால் 2020இல் கொரோனாவைச் சாக்காக வைத்து, யாரையும் கேட்காமல் அவசரமாகத் தொட்டிகளை இறக்கிய லண்டன் பகுதிகள் சிலவற்றில் தொட்டிகளை உடைத்தார்கள், கேமராக் கம்பியை அறுத்தார்கள். ஈலிங் பகுதியில் மக்களிடம் கருத்துக் கேட்டபின் பெரும்பாலானவற்றை நிர்வாகமே திரும்ப எடுத்துக்கொண்டது. ஆம்புலன்ஸ் எப்படி வரும் என்ற கேள்விக்கு முதல் நாளே பதில் வைத்திருக்காத திட்டம் எதுவும் நிலைப்பதில்லை.

இதுவரை சொன்னதில் எதிராளி வெளியிலிருந்து வருகிறவர். அவர் யாரோ, எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிறார். அவரைத் திட்டுவதில் தெருவே ஒன்றுபடும். வண்டி நிறுத்தும் விவகாரத்தில்தான் கூட்டம் கலைகிறது. ஏனென்றால் இரவு பதினோரு மணிக்குத் தெருவோரம் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை மனுவில் கையெழுத்துப் போட்டவர்களுடையவை.

டெல்ஃப்ட் நகரில் அறுபதுகளின் கடைசியில் பிறந்த 'வோனெர்ஃப்' என்ற ஏற்பாடு இதை முதலிலேயே புரிந்துகொண்டது. யோஸ்ட் வால் என்ற நகராட்சிப் பொறியாளர் நடைபாதை, சாலை என்ற பிரிவையே எடுத்துவிட்டு, ஒரே மட்டத்தில் செங்கல் பாவி, மரமும் பெஞ்சும் வைத்து, கார் வளைந்து வளைந்து போகும்படி செய்தார். 1976இல் அதற்குச் சட்ட வடிவம் வந்தது: வண்டிகள் நடை வேகத்தில்தான் போக வேண்டும், பிள்ளைகள் தெருவின் முழு அகலத்திலும் விளையாடலாம். சட்டத்தின் இந்தப் பகுதியை உலகம் முழுவதும் நகலெடுத்தார்கள். அதே சட்டத்தில் இருக்கும் இன்னொரு வரியைப் பலர் கவனிக்கவில்லை. குறியிட்ட இடம் தவிர வேறெங்கும் வண்டி நிறுத்தக் கூடாது என்பது அந்த வரி. அது இல்லாமல் மற்றது நடக்காது. கண்ட இடத்தில் வண்டி நின்றால் பிள்ளை எங்கே விளையாடும்? நிற்கும் இரண்டு வண்டிகளுக்கு இடையிலிருந்து திடீரென வெளிப்படும் குழந்தையை முப்பதில் வரும் ஓட்டுநரும் கடைசி நொடியில்தான் பார்ப்பார்.

டெ பெய்ப் பகுதியில் இதைத் தீர்க்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. 2018இல் அங்குள்ள கால்வாய் ஒன்றின் அடியில், தண்ணீருக்குக் கீழே, 600 கார் நிற்கும் நிறுத்துமிடம் திறந்தார்கள். அனுமதிச் சீட்டு வைத்திருக்கும் குடியிருப்பாளர்களுக்குத்தான் முதலிடம். அது திறந்ததற்குக் கைமாறாகச் சுற்றுத் தெருக்களில் நூற்றுக்கணக்கான நிறுத்துமிடங்களை எடுத்துவிட்டார்கள். ஓவியர் பிரான்ஸ் ஹல்ஸ் பெயரைக் கொண்ட சில தெருக்களில் கார் நின்ற வரிசை போய், செடிகளும் பெஞ்சுகளும் சைக்கிள் நிறுத்துமிடமும் வந்தன. முதலில் மாற்று இடம், பிறகு எடுப்பு: இந்த வரிசைமுறைதான் சூட்சுமம். தெருவிலிருந்து எடுத்துவிட்டு மாற்றைப் பிறகு பார்க்கலாம் என்று சொன்ன நிர்வாகங்கள் பல இடங்களில் தேர்தலில் அனுபவித்திருக்கின்றன. ஆனாலும் பூமிக்கடியில் ஓரிடம் தோண்ட ஆகும் செலவைப் பார்த்தால் எல்லாத் தெருவுக்கும் இது கட்டுப்படியாகாது. ஆம்ஸ்டர்டாமே மற்ற பகுதிகளில் வேறு வழியில் போகிறது. வீடு மாறிப் போகிறவர், காரை விற்றுவிட்டவர் திருப்பித் தரும் அனுமதிச் சீட்டுகளில் ஒரு பங்கை மறுபடி யாருக்கும் கொடுப்பதில்லை. இப்படியே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நிறுத்துமிடங்களைக் குறைப்பதாக 2019இல் திட்டம் போட்டது. இருக்கிறவரிடமிருந்து பிடுங்காததால் இதில் கூச்சல் குறைவு.

ஜப்பான் பிரச்சினையை வாசலிலேயே தடுத்தது. 1962இல் வந்த சட்டப்படி, கார் வாங்குகிறவர் அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். சொந்த இடமாக இருக்கலாம், மாத வாடகைக்கு எடுத்ததாக இருக்கலாம். வீட்டிலிருந்து இரண்டு கி.மீ.க்குள் இருக்க வேண்டும். மனுவோடு இடத்தின் வரைபடமும் கொடுத்தால், உள்ளூர்க் காவல் நிலையம் சரிபார்த்துச் சான்றிதழ் தரும். தெருவில் இரவு எட்டு மணி நேரத்துக்கு மேல் வண்டியை விட்டுவைப்பதும் குற்றம். டோக்கியோவின் குடியிருப்புத் தெருக்கள் நம் மயிலாப்பூர்ச் சந்துகளைவிட அகலமானவை அல்ல. பலவற்றில் நடைபாதையே இல்லை. ஆனாலும் ஆறு வயதுப் பிள்ளைகள் தனியாகப் பள்ளிக்கு நடக்கிறார்கள். ஓரத்தில் வண்டி நிற்காததால் குறுகிய தெருவும் முழுசாகப் பார்வைக்குத் தெரிகிறது. அங்கும் இது ஒரே நாளில் வந்த ஒழுக்கமல்ல; ஊரெங்கும் கார்கள் முளைக்கத் தொடங்கிய காலத்திலேயே, எண்ணிக்கை கைமீறுமுன் சட்டம் வந்துவிட்டது என்பதுதான் அவர்கள் அதிர்ஷ்டம். நாட்டுப்புறங்களில் சிறிய கார்களுக்கு விதி தளர்வு என்பதும் உண்மை.

இடத்துக்கு விலை வைப்பது இன்னொரு வழி. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் டொனால்ட் ஷூப் வாழ்நாள் முழுவதும் இதையே ஆராய்ந்து, 2005இல் இலவச நிறுத்துமிடத்தின் செலவு பற்றிப் பெரிய நூல் எழுதினார். தம் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலிருந்த பதினைந்து தெருத்தொகுதிகள் கொண்ட கடைப்பகுதியில், இடம் தேடிச் சுற்றும் கார்கள் மட்டும் ஆண்டுக்கு ஒன்பதரை லட்சம் மைல் ஓடுவதாகக் கணக்கிட்டார். ஒவ்வொருவரும் மூன்று நிமிடம் போலத்தான் சுற்றுகிறார். சேர்த்தால் பூமியைப் பல முறை வலம்வரும் தூரம். அருகிலுள்ள பசடீனா நகரின் பழைய கடைவீதியில் 1993இல் கட்டண மீட்டர் வைக்கப் போனபோது வணிகர்கள் வழக்கம்போல எதிர்த்தார்கள். மீட்டரில் விழும் காசு முழுவதையும் அந்த வீதியிலேயே செலவழிப்போம் என்று நகராட்சி வாக்குக் கொடுத்ததும் ஒப்புக்கொண்டார்கள். நடைபாதையும் விளக்கும் மரமும் அந்தப் பணத்தில் வந்தன. கட்டணம் வைப்பவர்கள் வழக்கமாக மறந்துவிடுவது இந்தப் பாதியைத்தான்: வசூலாகும் காசு எங்கே போகிறது என்று தெருக்காரருக்குக் கண்ணால் தெரிய வேண்டும்.

சென்னைக்கு வருவோம். 2023 நவம்பரில் பெருநகரப் போக்குவரத்துக் காவல்துறை வேக வரம்புகளை மாற்றியமைத்தபோது கார்களுக்கு 60, இருசக்கர வண்டிகளுக்கு 50, ஆட்டோவுக்கு 40 என்று பிரித்துவிட்டு, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30 என்று வைத்தது. அதாவது போர்ட்ஸ்மவுத்காரர்களுக்குக் கிடைத்த வேகம் சென்னைவாசிகளுக்கு ஏற்கெனவே காகிதத்தில் இருக்கிறது. மனு எழுதப்போகும் சங்கங்கள் இதைப் புதிய கோரிக்கையாகக் கேட்க வேண்டியதில்லை. இருக்கிற விதிக்குப் பலகை எங்கே, அளவான மேடு எங்கே என்று கேட்டால் போதும். பாண்டி பஜாரில் 2019இல் அகன்ற நடைபாதை வந்தபோதும், பக்கத்தில் அடுக்குமாடி நிறுத்துமிடம் கட்டியபோதும் எழுந்த வாதங்கள் பசடீனா வணிகர்களின் வாதங்கள்தான். கார் வாங்க இடச் சான்று கேட்கலாம் என்ற ஜப்பானிய யோசனையும் இந்தியாவில் பல ஊர்களில், சென்னையிலும், பேசப்பட்டு வருகிறது.

அதை நடைமுறைப்படுத்துவதில் உள்ள சிக்கல், மாநகராட்சி அலுவலகத்தில் இல்லை, நம் வாசல்களில் இருக்கிறது. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வண்டிக்கென்று அனுமதி வாங்கிய இடத்தில் கடையோ கிடங்கோ முளைத்திருக்கும். வீட்டுக்குள் ஏற்றிவிடும் சாய்தளம் நடைபாதையைத் தாண்டித் தெருவுக்குள் நீண்டிருக்கும். கேட்டில் 'இங்கு வண்டியை நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்' என்ற பலகை தொங்கும். அந்தக் கேட்டுக்காரரின் இரண்டாவது கார் எதிர்வீட்டுச் சுவரோரம் நிற்கும். கல்லையும் சிமெண்ட் தொட்டியையும் வைத்துப் பொதுத்தெருவில் இடம்பிடிப்பதைப் பற்றி எந்தச் சங்கமும் தீர்மானம் போட்டு யாரும் பார்த்திருக்க முடியாது. நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: தெருவில் நிற்பதில் பெரும்பங்கு இருசக்கர வண்டிகள். ஒரு கார் அடைக்கும் இடத்தில் ஐந்தாறு ஸ்கூட்டர்கள் நிற்கும். இருப்பதைப் பங்கிடும்போது இந்தக் கணக்கைப் பார்க்காமல், காருக்குக் கட்டம் போட்டுவிட்டுத்தான் மற்றதை யோசிப்பது என்றால், தெருவில் பாதிப் பேருக்கு அந்தத் திட்டம் தங்களுடையதாகத் தோன்றாது.

வெளிநாட்டுக் குடியிருப்பாளர் குழுக்கள் அதிகாரிகளைப் பார்க்கப் போகுமுன் செய்யும் வேலை ஒன்று உண்டு; காசு செலவில்லாதது. ஒரு வேலைநாளில் பகல் பதினோரு மணிக்கும், அன்றிரவு பதினோரு மணிக்கும் தெருவை ஒருமுறை நடந்து, நிற்கும் ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் எழுதிக்கொள்வது. பகலில் இருந்து இரவில் இல்லாதவை கடைக்கோ அலுவலகத்துக்கோ வந்தவை. இரண்டிலும் இருப்பவை நகராமலே கிடப்பவை. இரவில் மட்டும் இருப்பவை தெருக்காரருடையவை. எதைக் கட்டணத்தால் தீர்க்கலாம், எதை அனுமதிச் சீட்டால், எதை இழுத்துப்போகும் வண்டியால் என்பது அந்தப் பட்டியலிலேயே பிரிந்து கிடக்கும். பல மாதம் தூசு படிந்து காற்றிறங்கிய கார் ஒன்றாவது அதில் நிச்சயம் வரும். அது சங்கத் தலைவருடையதாகவும் இருக்கலாம்.